நாற்காலியின் முதுகைப் பார்ப்பவன்

முதலில் நாற்காலியின் முதுகைப் பார்ப்பான். அங்கே அடித்திருக்கும் தகட்டில் எண் தெரிகிறதா என்று பார்ப்பான். தெரியாவிட்டால் குனிவான், குனிந்தும் தெரியாவிட்டால் நடைக்கூடத்தின் நடுவிலேயே முட்டி போடுவான். அதற்கப்புறம்தான் அந்தச் சக்கர நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது அவன் கண்ணில் படும். பதறி எழுந்து, "மன்னிச்சுக்கங்க, வணக்கம், உடம்பு எப்படி இருக்கு?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு நடையைக் கட்டுவான். உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர் சொல்ல ஆரம்பிக்கும்போது ஆள் அடுத்த திருப்பத்தில் இருப்பான்.

நான் அந்த மருத்துவமனையில் ரத்தம் எடுக்கிறவள். ஒன்பது வருஷமாக ஊசியும் குப்பியுமாக வார்டு வார்டாகச் சுற்றுகிறேன். என் தலை தெரிந்தாலே நோயாளிகள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்கள். எனக்கு அங்கே 'கொசு' என்று பெயர். அவனுக்கு வந்த பத்தாம் நாளே 'சக்கரம்' என்று பெயர் விழுந்துவிட்டது. கடல் தாண்டி மருத்துவமனை நிர்வாகம் படிக்க வந்து, எட்டு வாரப் பயிற்சிக்காக எங்களிடம் அனுப்பப்பட்டவன். அத்தனை பெரிய கட்டடத்தில் தமிழ் பேச நாங்கள் இரண்டே பேர். அதனால் மத்தியானமானால் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிடுவான்.

முதல் நாள் வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"என்ன தம்பி, என்ன வேலை குடுத்தாங்க?"

"கூடப் படிக்கிற ஒருத்தன் ஆபரேஷன் தியேட்டர் நேரத்தை ஆராயுறான். இன்னொரு பொண்ணு நோய்த் தொற்றை எப்படிக் குறைக்கிறதுன்னு பாக்குறா. எனக்கு நாற்காலி, அக்கா."

"நாற்காலியா?"

"சக்கர நாற்காலி. மொத்தம் தொண்ணூத்தாறு வாங்கினாங்களாம். காலையில எண்ணினா அம்பதுகூடத் தேறலையாம். மிச்சம் எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கணுமாம்."

"உட்கார்ந்து பார்க்கிற வேலைன்னு வீட்டுல சொல்லிடு" என்றேன். சிரிக்கவில்லை. வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் அவனுடைய கவலையே.

அவனுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. நிர்வாகம், முதுகலை எல்லாம் காதில் ஏறவில்லை. பையன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அதன் பலனை அவன் என் மேஜையில் உட்கார்ந்துதான் அனுபவித்தான். டப்பாவைத் திறந்தால் போன் அடிக்கும். ஒரு நாள் அத்தை, முழங்கால் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காமிராவுக்கு முன்னால் ஆட்டுவார். ஒரு நாள் சித்தப்பா, சட்டையைத் தூக்கி முதுகில் வந்த தடிப்பைக் காட்டுவார்.

"அத்தை, நான் டாக்டர் இல்ல அத்தை."

"பாத்தியா, எவ்வளவு படிச்சாலும் தலைக்கனமே இல்லாம பேசுறான்" என்று அத்தை பக்கத்தில் இருக்கும் யாரிடமோ சொல்வார்.

இரண்டு வாரம் மறுத்துப் பார்த்தான். மூன்றாம் வாரம் தோற்றுவிட்டான். "தண்ணி நிறையக் குடிங்க. உப்பைக் குறைங்க. சீக்கிரமாத் தூங்குங்க" என்ற மூன்று வாக்கியங்களை எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டான். சித்தப்பாவுக்குத் தடிப்பு மறைந்துவிட்டது. அதற்கப்புறம் சித்தப்பாவின் நண்பர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த ஊர் மொழியை அவன் வகுப்பில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்துக் கற்றவன். அதனால் பேச்சு மனு எழுதுகிற மாதிரி இருக்கும். நாங்கள் "கொஞ்சம் நகருங்க" என்கிற இடத்தில் அவன், "தாங்கள் அன்புகூர்ந்து சற்றே விலகி நிற்க இயலுமாயின் நன்றியுடையவனாவேன்" என்கிற தோரணையில் ஆரம்பிப்பான். அவன் முடிப்பதற்குள் வழியில் நிற்கிறவர் தன் வேலையை முடித்துக்கொண்டு போயிருப்பார். (இங்கே அவன் மற்றவர்களோடு பேசியதையெல்லாம் நம் பேச்சுக்கு மாற்றித்தான் சொல்கிறேன்.) ஒரு நாள் அவசரத்தில், 'தாங்கள் அமர்ந்துள்ள நாற்காலியின் பின்புறத்தை நான் பார்வையிடலாமா' என்ற பழக்கப்பட்ட வாக்கியத்தில் நாற்காலி என்ற சொல்லை விழுங்கிவிட்டான். எதிரே இருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமை ஆசிரியை. கையில் ஊன்றுகோல் வேறு. அவன் நெற்றியில் வீக்கத்தோடு என்னிடம் வந்தபோது பஞ்சு வைத்துக்கொண்டே நான் சிரித்த சிரிப்பில் பஞ்சு இரண்டு தடவை கீழே விழுந்தது.

ஆனால் வேலையில் ஆள் கெட்டிக்காரன். ஒரு நாற்காலியைச் சமையலறையில் கண்டுபிடித்தான். அதன் மேல் இரண்டு வெங்காய மூட்டைகள் சவாரி செய்துகொண்டிருந்தன. ஒன்று மொட்டை மாடியில், சிகரெட் பிடிக்கிறவர்களுக்குச் சாய்வு நாற்காலியாக இருந்தது. இன்னொன்று வாசலுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில். அதில் தெம்பான ஒருவர் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, நீங்க நோயாளியா?"

"இல்லப்பா. பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"இது ஆஸ்பத்திரி நாற்காலி."

"அதான் இவ்வளவு சௌகரியமா இருக்கு."

பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்று, அவர் ஏறிய பிறகு தள்ளிக்கொண்டு வந்தான். மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்ததையும் விடவில்லை. டிஸ்சார்ஜ் ஆனவர் அதிலேயே வீட்டுக்குப் போயிருக்கிறார். திருப்பித் தர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையாம். அதைக் காலியாகத் தள்ளிக்கொண்டு அவன் சாலையில் வந்தபோது எதிரே வந்தவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள், அவன் முகத்தைப் பார்த்தார்கள், தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு அம்மாள் அவன் தோளைத் தட்டி, "மனசைத் தேத்திக்கப்பா" என்றாளாம். வழியெல்லாம் விளக்க முடியாது என்று அவனும் சோகமாகத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு மத்தியானம் பேச்சை நிறுத்திவிட்டு என் பின்னால் இருந்த சுவரையே பார்த்தான். சுவரோரம் என் கோட்டும் கைப்பையும் குவிந்து கிடந்த இடம்.

"அக்கா. அந்தக் கோட்டுக்குக் கீழ என்ன இருக்கு?"

"எனக்குக் கால் வலிக்கும் தம்பி. காலையில நாலு மாடி ஏறி இறங்குறேன். பத்து நிமிஷம் உட்காரத்தான்."

கோட்டைத் தூக்கி எண்ணைப் பார்த்தான். நோட்டில் எழுதிக்கொண்டான். "நீங்களுமா அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

ஒவ்வொரு நாற்காலியின் குணமும் அவனுக்கு மனப்பாடம். அறுபத்து மூன்று இடப்பக்கமே இழுக்கும். "அதுக்குன்னு ஒரு கொள்கை இருக்கு" என்பான். இருபத்தேழின் பிரேக் பேச்சுக்குத்தான். தூரத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டால் கரண்டியை நிறுத்தி, "எண்பத்து நாலு. கண் பிரிவுக்குப் போகுது" என்பான். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். அப்படிக் காது வைத்துக் கேட்டதில்தான் ஒரு விஷயம் புரிந்தது அவனுக்கு. மூன்றாம் மாடி எலும்புப் பிரிவுக்கு ஏறிப்போகிற நாற்காலிகளில் பாதி இறங்கி வருவதில்லை.

எலும்புப் பிரிவின் ஹெட் நர்ஸை நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள் பூட்டம்மா என்போம். இடுப்பில் சாவிக்கொத்து, நடந்து வந்தால் மாட்டு வண்டி வருகிற மாதிரி சத்தம். பெரிய டாக்டர்கள்கூட அந்த வார்டில் மெதுவாகத்தான் இருமுவார்கள். அங்கே நடைக்கூடத்தின் கடைசியில் ஒரு குளியலறை உண்டு. 'பழுது' என்று அட்டை மாட்டி இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஒரு நாள் காலையில் அந்தக் கதவு ஒருக்களித்திருந்தது. இவன் எட்டிப் பார்த்திருக்கிறான்.

உள்ளே வரிசையாகப் பதினோரு நாற்காலிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் 'பழுது' என்று ஓர் அட்டை. எல்லாவற்றையும் கோத்து சைக்கிள் சங்கிலிப் பூட்டு. கடைசியில் இருந்த ஒன்று மட்டும் சங்கிலிக்கு எட்டாமல் தனியாக நின்றது. பழுது என்ன என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறான். ஒரு தள்ளு தள்ளினான். வெண்ணெய் மாதிரி உருண்டது. இன்னொரு தள்ளு. குளியல் தொட்டி வரை போய்த் திரும்பிப் பார்த்தால் வாசலில் பூட்டம்மா.

"யாரைக் கேட்டு உள்ள வந்த?"

"பழுதுன்னு போட்டிருந்துச்சு சிஸ்டர். சரி பண்ணலாமேன்னு..."

"சரி பண்ணிட்டியா?"

"என்ன பழுதுன்னே தெரியல சிஸ்டர்."

நான் அப்போது குளியலறையை ஒட்டிய கட்டிலில் ஒருவருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அந்த அம்மாள் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கதவு பழையது; சாத்தினாலும் அப்படியே கேட்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடுப்பெலும்பு மாற்றிய ஒருவர் வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தார். மகள் கீழே காரோடு காத்திருந்தாள். கட்டடம் முழுக்க ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு, "அம்பது அடிதானேம்மா, நடந்துடுறேன்" என்று நடந்தார். லிப்ட் வாசலில் விழுந்தார். மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் நாலு மாதம். "என் வார்டுல இனிமே ஒருத்தரும் நாற்காலிக்காகக் காத்திருக்கமாட்டாங்க" என்றாள். "போய் எழுதிக்கோ. பெரிய டாக்டரோட சண்டை போட்டதுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாச்சு. இன்னொண்ணு வந்தா கீழ்த்தளத்துல பழைய ஃபைலுக்குக் காவல். எழுதிக்கோ, போ."

அவன் நோட்டைத் திறந்திருக்கிறான். ஆனால் எழுதவில்லை, அதிலிருந்து படித்துக் காட்டினான். குழந்தைகள் பிரிவில் நேற்று நாற்காலிக்காக நாற்பது நிமிஷம் காத்திருந்தார்கள். சிறுநீரகப் பிரிவில் ஐம்பத்தைந்து. அங்கேயும் காத்திருந்து பயந்துபோய் ஆறு பதுக்கி வைத்திருக்கிறார்கள். கண் பிரிவில் நாலு. "நீங்க வெச்சிருக்கிறதால அவங்க வெச்சிருக்காங்க சிஸ்டர். அவங்க வெச்சிருக்கிறதால நீங்க வெச்சிருக்கீங்க."

வெளியே நான் குப்பி நிறைந்ததைக் கவனிக்காமல் நின்றிருந்தேன். கட்டிலில் இருந்தவர், "போதும்மா, எனக்கும் கொஞ்சம் வை" என்றார்.

"சரி, என்ன பண்ணணுங்கிற?" என்றாள் பூட்டம்மா.

"ஒண்ணே ஒண்ணு கீழ அனுப்புங்க. உங்களுக்கு எப்ப வேணும்னாலும் எனக்கு போன் பண்ணுங்க. அஞ்சு நிமிஷத்துல நானே நாற்காலியோட வந்து நிக்கிறேன். வந்தா, இன்னொண்ணு அனுப்புங்க."

"வரலேன்னா?"

"என்னையும் இந்தச் சங்கிலியில கோத்துடுங்க."

அந்த அம்மாள் சிரித்தாளா என்று தெரியாது. கதவு வழியாகச் சத்தம்தான் வரும், முகம் வராது.

அடுத்த இரண்டு வாரம் அவன் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் வேண்டுமென்றே கூப்பிட்டாள். இவன் டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்துக் கூப்பிட்டாள். மழையில் பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்து போகும்போது கூப்பிட்டாள். லிப்டுக்குக் காத்திருந்தால் நேரம் போய்விடும் என்று, மடித்த நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினான். மேலே போனால் அவள் கையில் கடிகாரத்தோடு நிற்பாள். "நாலு நிமிஷம் இருபது செகண்ட்" என்பாள். சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, சங்கிலியிலிருந்து ஒரு நாற்காலியை விடுவிப்பாள். ஒரு தடவை, ஐந்து நிமிஷத்துக்கு இரண்டு செகண்ட் மிச்சம் இருக்கையில் போய்ச் சேர்ந்தவன், நாற்காலி வேண்டிய நோயாளி யார் என்று மூச்சு வாங்கக் கேட்டிருக்கிறான். "யாருமில்ல. நீயே உட்காரு, முகம் வெளுத்துப்போச்சு" என்று தண்ணீர் கொடுத்தாளாம்.

பதினோராவது நாற்காலியும் இறங்கியது. எலும்புப் பிரிவு விட்டுவிட்டது என்று தெரிந்ததும் சிறுநீரகப் பிரிவு ஆறையும் அனுப்பியது. கண் பிரிவு நாலையும் அனுப்பி, 'ஐந்தாவது எங்களுடையது அல்ல' என்று ஒரு சீட்டையும் அனுப்பியது. அந்த ஐந்தாவதைப் பற்றி யாரும் கேட்டிருக்கவே இல்லை. நானும் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் லிப்ட் பக்கத்தில் விட்டேன். இப்போது கீழே வரிசையாக நாற்காலிகள் நிற்கும். யாரும் அதிக நேரம் காத்திருப்பதில்லை.

எட்டாம் வாரம் அறிக்கை படிக்கும் நாள். எல்லா வார்டுத் தலைவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆய்வுக்கூடத்தின் சார்பில் ஒருவர் வேண்டும் என்றதால் என்னை அனுப்பினார்கள். பூட்டம்மா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். சாவிக்கொத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததால் சத்தமே வரவில்லை.

அவன் நன்றாகத்தான் பேசினான். மனுப் பாஷைதான், ஆனாலும் புரிந்தது. தொண்ணூற்றாறில் தொண்ணூற்று மூன்று கிடைத்துவிட்டது. ஒன்று ஆற்றுக்குள் கிடக்கிறது என்று நம்பகமான தகவல். காத்திருக்கும் நேரம் நாற்பது நிமிஷத்திலிருந்து ஆறு நிமிஷம். எல்லாரும் தலையாட்டினார்கள். மேலாளர் தலையாட்டவில்லை. அந்த அம்மாள் கண்டிப்பானவர். இரண்டு வருஷமாக மேலிடத்தில் திட்டு வாங்கியவர்.

"நேரமெல்லாம் சரி. யார் பதுக்கினது? எங்கெங்க எடுத்த? அந்தப் பட்டியல் எங்க?"

"அது... இப்ப எல்லாமே திரும்பி வந்தாச்சு, மேடம்."

"பட்டியல் இல்லாத அறிக்கையில நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கையெழுத்து இல்லாவிட்டால் பயிற்சி செல்லாது. மறுபடியும் முதலிலிருந்து, அதற்குள் விசா முடிந்துவிடும். அது அந்த அறையில் எனக்கும் அவனுக்கும்தான் தெரியும். அவன் கதவோரம் பார்த்தான். பூட்டம்மா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஹெட் நர்ஸ் குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். நான் என் நகத்தைப் பார்த்தேன்.

"நோட்டு கையில இருக்கு இல்ல? படி" என்றார் மேலாளர்.

"எங்கேர்ந்து படிக்கட்டும், மேடம்?"

"மேலேர்ந்து படி."

"மேலேர்ந்தேவா?"

"உனக்குத் தமாஷா இருக்கா? மேலேர்ந்து!"

அவன் நோட்டைப் புரட்டினான். "நாலாம் மாடி" என்று ஆரம்பித்தான். "நிர்வாக அலுவலகம். மேலாளர் அறை. கதவுக்குப் பின்னால். எண் பதினெட்டு. அதன் மேல் மூன்று ஃபைல் பெட்டி, ஒரு குடை, ஒரு..." எழுத்துக் கூட்டிப் பார்த்தான். "ஒரு ஜோடி வெளியே போகிற செருப்பு."

யாரோ இருமலை விழுங்கப் பார்த்து முடியாமல் போனது. அது பின்வரிசை முழுக்கத் தொற்றிக்கொண்டது. மேலாளர் சிவந்துபோய் மேஜையையே பார்த்தார். பிறகு அவருக்கே தோள் குலுங்க ஆரம்பித்தது.

"மூணாம் மாடி..." என்று அவன் பக்கத்தைத் திருப்பினான்.

"போதும். வேணாம்" என்றார் மேலாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பேனா யார்கிட்ட இருக்கு?"

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். "டேய், தெரிஞ்சுதானே செஞ்ச?"

"என்னக்கா, மாடி வரிசையிலதானே எழுதியிருந்தேன்" என்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அத்தை சொன்ன மாதிரி தலைக்கனம் இல்லாத முகம். இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

படிக்கட்டில் எங்களுக்குப் பின்னால் மாட்டு வண்டி வந்தது. பூட்டம்மா நின்றாள். கொத்திலிருந்து ஒரு சாவியை நகத்தால் நெம்பிக் கழற்றினாள். அவன் கையில் வைத்தாள்.

"அங்க இனிமே பூட்டி வைக்க ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வேறு யாராவது அதை நினைவுக்கு என்று பையில் போட்டுக்கொண்டிருப்பார்கள். இவன் என்னையும் இழுத்துக்கொண்டு நேரே மூன்றாம் மாடிக்குப் போனான். கதவைத் திறந்து, வாசலில் தொங்கிய 'பழுது' அட்டையைக் கழற்றினான். தரையில் சக்கரங்களின் கறுப்புத் தடங்கள் மட்டும் இருந்தன. ஓரத்தில், இரண்டு வருஷத் தூசியோடு அந்தக் குளியல் தொட்டி. கட்டுப் போட்ட காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடி குளிக்கத் தோதாகச் செய்தது. அந்த வார்டில் எல்லாருக்கும் ஈரத் துணியால்தான் உடம்பைத் துடைத்துவிடுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அவன் குழாயைத் திருகினான். ஒரு நிமிஷம் வெறும் காற்று கமறியது. பிறகு துருப்பிடித்த செந்நிறத் தண்ணீர் தெறித்தது. அவன் புதுச் சட்டையிலும் பட்டது. "விடு தம்பி, ஆள் வந்து பார்ப்பாங்க" என்றேன். அவன் விடவில்லை. முழுக்கைச் சட்டையின் கையை முழங்கைவரை சுருட்டினான். தொட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, குழாய்க்கடியில் கையை நீட்டி வைத்துக்கொண்டான். சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் தெளிந்தது. அப்புறமும் கையை எடுக்கவில்லை. வெந்நீர் வரட்டும் என்று இருந்தான்.